ஆயிலுக்குக் கம்பிப் பதம்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு காலு இல்லீங்க. போன மாசம் ஒருத்தன் மண்டையில போட்டதுல ஒடிஞ்சு போச்சு. இந்த டயர் மேல உக்காருங்க, கெட்டியா இருக்கும்.

என்ற வெள்ளை வேட்டியப் பாத்துட்டுக் கடை இல்லைன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது. கடை இன்னிக்கு லீவுதானுங்க. ஆனாலும் வண்டியில ஆயிலுக்குச் சிவப்பு வெளக்கு எரியுதுன்னு ஒரு மனுசன் வாசல்ல வந்து நிக்கறப்ப, போய்யான்னு தொரத்தற பழக்கம் இந்த அர்த்தனாரிக்குக் கெடையாது. நீங்க வேலையக் கேட்டீங்க. நான் பதிலுக்கு ஒரே ஒரு ஒதவி கேப்பேன். வண்டி ரெடியானதும் என்னைக் கொண்டி அங்காளம்மன் கோயில்ல உட்டரோணும். பாலத்தத் தாண்டுனா ஆத்தங்கரையில கோயிலு. ஸ்டேண்டுல இருக்கற ஆட்டோக்காரன் ஒருத்தனும் என்னை ஏத்த மாட்டேங்கறான். பயமாம். நான் என்ன புலியா கரடியா?

அய்யோ, அந்தத் தட்டத் தொடாதீங்க சார். அது சீர்த்தட்டு. பட்டுப் பாவாடை, பழம், தோடு எல்லாம் இருக்குது. அடியில இன்னொரு சாமானும் இருக்குது. உருண்டு கால் மேல உழுந்தா வெரலு நசுங்கிரும்.

இன்னிக்கு என்ற தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்துங்க. மகிழினின்னு பேரு. தாய்மாமன் நானு. எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்துவாங்க. ஆசாரி ஊசிய வெச்ச ஒடனே புள்ளை வீறிட்டுத் துள்ளும். அது துள்ளாமக் கெட்டியாப் புடிச்சுக்கற கை தாய்மாமன் கையாத்தான் இருக்கோணும். அப்பன் கையா இருந்தாக்கூட ஆவாது. என்ற மடிய உட்டா அவளுக்கு வேற மடி ஏது? சொல்லுங்க பாக்கலாம்.

கூப்பிட்டாங்களான்னு கேக்கறீங்களா? தாய்மாமனை யாருங்க கூப்பிடோணும்?

செரி, வண்டிக்கு வாங்க. கொறையறத மட்டும் ஊத்துனாப் போதும்னுதான் சொன்னீங்க. ஞாவகம் இருக்குது. ஆனா நான் அடியில பிளக்கையே கழட்டிப்போட்டேன். அதா பாருங்க, சட்டியில எறங்குது. அது ஆயிலுங்களா? தொட்டுப் பாருங்க. பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வெச்சுப் பிரிங்க. நூல் உடுதா? உடலைல்ல? தண்ணி சார். கழனித் தண்ணி. இத ஊத்தி ஓட்டுனா வெளக்கு எரியாம என்ன பண்ணும்?

எங்கப்பனுக்குக் கரும்பாலை. வெல்லம் காய்ச்சறதுல இந்த சுத்துவட்டாரத்துல அவரை மிஞ்ச ஆளில்ல. கொப்பரையில பாகு கொதிக்கறப்ப, துடுப்பத் தூக்கி ஒரு சொட்ட வெரல்ல எடுத்துப் பிரிச்சுப் பாப்பாரு. கம்பியாட்ட நூல் உட்டாத்தான் எறக்குவாரு. ஒருதரம் நான் அவசரப்பட்டு எறக்கிப்போட்டேன். கொதிக்கற துடுப்பால இங்க ஒண்ணு வெச்சாரு பாருங்க. இந்தத் தழும்புதான். சதை பிஞ்சு துடுப்போட வந்துருச்சு. அதுக்கப்பறம் பதம் எனக்குத் தப்புனதே இல்ல. அடி ஒதவற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?

அந்தப் பதந்தான் எனக்கு ஆயிலுக்கும். டப்பாவுல நம்பர் போட்டிருப்பான். நம்பர் பெருசுன்னா ஆயில் கெட்டி. லாரிக்கெல்லாம் நான் இருவது அம்பதுதான் ஊத்துவேன். தேன் மாதிரி எறங்கும். அந்தக் காலத்து இன்ஜினு, இன்னிக்கும் அசையாம ஓடுது. இப்ப வர்ற காருக்குக் கம்பெனிக்காரன் ஜீரோ இருவதுங்கறான். ஜீரோவாமா! ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு டப்பா.

என்ற தங்கச்சி கலைமணி. அவ ஊட்டுக்காரன் மோகனசுந்தரம். டிரைவரு. கிட்னி கெட்டுப்போய் டயாலிசிஸ்க்குப் போறாங்க பாருங்க, அவங்கள ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்ற சோலி. அதுக்குன்னே புதுசா ஒரு கார் எடுத்தான். டர்போ வெச்ச பெட்ரோல் வண்டி. எடுத்த அன்னிக்கே என்கிட்டச் சொல்லிப்போட்டான். "மச்சா, வாரண்டி முடியற வரைக்கும் பானட்டத் தொறந்துறாதீங்க. எல்லாம் கம்பெனியிலயே பாத்துக்கறேன்"னு. சிரிச்சுட்டுத்தான் சொன்னான். ஆனா தாய்மாமன் மெக்கானிக்கா இருக்கற ஊட்டுல அப்படிச் சொல்லலாமுங்களா?

திருவிழா நோம்பிக்கு விருந்துக்கு வந்திருந்தாங்க. மாப்பிள்ளை கறிச்சோத்தத் தின்னுட்டு உள்ள நல்லாத் தூங்குனான். நான் சத்தமில்லாமப் பொட்டாட்டப் போய், ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க உருவி வெரல்ல வெச்சுப் பாத்தேன். நூல் உடலை. வயிறு எரிஞ்சுது சார். என்ற தங்கச்சியும் புள்ளையும் இந்தத் தண்ணிய நம்பித்தான ஓடறாங்கன்னு. அப்பவே பூராவும் எறக்கிப்போட்டு, என்ற பீப்பாயில இருந்து கெட்டி ஆயிலு, மொதத் தரம், ஊத்தி மூடிப்போட்டேன். யாருக்கும் சொல்லலை. சீர் செஞ்சத யாராச்சும் சொல்லிக் காட்டுவாங்களா?

அவன் கெளம்பறப்பச் சத்தம் கொஞ்சம் மாறித்தான் இருந்துது. டிக்கு டிக்குன்னு. அது ஒண்ணுமில்லீங்க, புது ஆயிலு. பழகிக்கும்.

அப்பறம் கொஞ்ச மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. இழுவை கொறையுது, பெட்ரோல் நெறையக் குடிக்குதுன்னு ரெண்டொரு தரம் சொன்னான். ஓட்டற கையில இருக்குதுன்னேன். ஒருநா பைபாஸ்ல, பின்னாடி சீட்டுல டயாலிசிஸ் முடிஞ்ச பெரியவரு ஒருத்தரு படுத்திருக்கறாரு, வண்டி கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு, பொகையக் கக்கி, நடு ரோட்டுல நின்னுருச்சாம். பின்னால வந்த லாரி ஒடிச்சுத் திருப்பி, நடுவுல இருக்கற செவுத்துல ஏறி நின்னுது. லாரி டிரைவரு எறங்கி வந்து மாப்பிள்ளைய மூஞ்சியிலயே நாலு சாத்து சாத்திட்டுப் போயிருக்கறான். பெரியவரு பொழைச்சுட்டாரு. எல்லாம் கம்பெனி டர்போவோட லட்சணம்.

நியாயமாப் பாத்தாக் கம்பெனிக்காரன் சும்மாவே மாத்திக் குடுக்கோணும். வாரண்டி இருக்குதல்ல? மாப்பிள்ளை போய் நின்னான். அவனுங்க ஆயில எறக்கிப் பாத்துட்டு, இது எங்க ஆயில் இல்ல, வெளிய மாத்தியிருக்கறீங்க, வாரண்டி கெடையாதுன்னுட்டானுங்க. மாத்தலைன்னு இவன் சொல்ல, மாத்துனீங்கன்னு அவன் சொல்ல, கடைசியில பொய் சொல்றீங்கன்னே சொல்லிப்போட்டானாம். கலைமணி போன்ல அழுவறா. "அண்ணா, அவரை எல்லார்த்துக்கும் முன்னாடி பொய்யன்னு சொல்லிட்டாங்கண்ணா"ன்னு.

எனக்கு வந்துதே கோவம்! என்ற தங்கச்சி புருசனை ஒருத்தன் பொய்யன்னு சொல்றதான்னு நேரா ஷோரூமுக்கே போனேன். கண்ணாடிக் கதவு. தள்ளித் தொறக்கறதா இழுத்துத் தொறக்கறதான்னு தெரியலை, ஒதைச்சே தொறந்துட்டேன். பொல பொலன்னு கொட்டுச்சு. உள்ள மாப்பிள்ளை நிக்கறான். எதுத்தாப்பல மேசையில பிரசன்னான்னு ஒரு சின்னப்பையன், கழுத்துல அட்டை தொங்குது. மாப்பிள்ளை அப்பத்தான் அவன்கிட்டக் கையெடுத்துக் கும்புட்டு, "என்ற புள்ளை தலை மேல சத்தியமாச் சொல்றனுங்க, நான் வெளிய ஆயில் மாத்தலீங்க"ங்கறான். புள்ளை தலை மேல சார். பாத்த ஒடனே எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

அந்தப் பையன் என்கிட்டப் பாடம் நடத்தறான். "அண்ணா, இது பழைய லாரி இன்ஜின் இல்லீங்க. இப்ப உள்ள இடைவெளியெல்லாம் முடியளவுகூட இருக்காது. டர்போ வெறித்தனமாச் சுத்தும். காலையில ஸ்டார்ட் பண்ணுன நொடியே ஆயில் அது வரைக்கும் ஏறியாகோணும். கெட்டி ஆயில் மெல்ல மெல்லத்தான் ஏறும். அதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசிரும். அப்பறம் சூட்டுல அது கருகி, போற வழியே அடைச்சுக்குது"ன்னு. கையில ஒரு பாட்டிலு. வண்டியில இருந்து எறக்குன ஆயிலாமா. வெளிச்சத்துல தூக்கிக் காட்டறான்.

கெட்டி ஆயில் ஏறாதாடா? எறங்குதான்னு பாருடான்னு, கொமட்டுல ஒண்ணு குத்தி வாயத் தொறந்து, பாட்டில அப்படியே தொண்டையில கவுத்திப்போட்டேன். கருப்பா ஊத்துது. ரெண்டு பல்லும் அதோட வெளிய வந்துருச்சு. புடிக்க வந்தவன் ஒருத்தன், நாற்காலியில வாங்கிட்டுப் போனான். இன்னொருத்தன் கண்ணாடி மேலயே உழுந்தான். என்ற காலைக் கட்டிப் புடிச்சவனைப் பொடனியில மிதிச்சேன். அந்தக் கூச்சல்லயும் பிரசன்னாவோட சட்டையக் கொத்தாப் புடிச்சுத் தூக்கி, "யாரைடா பொய்யன்னு சொன்ன? அது எப்பேர்ப்பட்ட ஆயிலு தெரியுமாடா? என்ற கையால, நானே பதம் பாத்து ஊத்துன ஆயிலுடா அது!"ன்னு கத்துனேன்.

எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க சார். உண்மைக்கு அவ்வளவு பலம். அந்தப் பையன் வாயில ரத்தமும் ஆயிலுமாத் தரையில உக்காந்து மாப்பிள்ளையப் பாக்கறான். மாப்பிள்ளை என்னைப் பாக்கறான்.

நான் என்ன நெனச்சேன், மச்சான் நமக்காக வந்து நின்னாருன்னு கட்டிப் புடிச்சுக்குவான்னு நெனச்சேன். ஓடி வந்து நெஞ்சுல ஒரு ஒதை ஒதைச்சான் பாருங்க! நான் போய்க் காட்சிக்கு நிறுத்தியிருந்த கார் மேல உழுந்தேன். "என்ற புள்ளை தலை மேல சத்தியம் பண்ணிட்டனேடா, பாவி"ன்னு மறுக்கா மறுக்கா ஒதைக்கறான். அட, தெரியாமப் பண்ணுன சத்தியத்தச் சாமி கணக்குல எடுக்குமா? அதச் சொல்லத்தான் அவன் கையப் புடிச்சேன். சோத்தாங்கைய. நான் திருகுனேன்னு போலீசுல எழுதியிருக்கறாங்க. பொய்யிங்க. அவன் உருவிக்கப் பாத்தான். நான் கெட்டியாப் புடிச்சிருந்தேன். அவ்வளவுதான். படக்குன்னு ஒரு சத்தம். இறுகுன நட்டு மரை பிஞ்சு உடறப்ப வருமே, அந்தச் சத்தம்.

மணிக்கட்டு நொறுங்கிருச்சாம். தகடு வெச்சிருக்கறாங்க. பழையபடி ஸ்டீரிங் ஒடிக்க முடியாதுன்னு டாக்டரு சொல்றாரு. டாக்டருக்கு என்ன தெரியும்? பழகிக்கும்.

என்னை உள்ள வெச்சாங்க. கேசு இன்னும் நடக்குது. வெளிய வந்த அன்னிக்கே கலைமணி இங்க வந்தா. அதா அந்த வாசப்படியிலதான் நின்னா. வா சாமின்னேன். கீழ கெடந்த வீல் ஸ்பேனர எடுத்தா. மொதல்ல அலமாரி. அப்பறம் பீப்பாய். நடுவுல ஓட்டை உழுந்து ஆயிலு பூராத் தரையில ஓடுது. அந்த ஆயில்லயே வழுக்காம நடந்து வந்து, என்ற முட்டியில ஓங்கி ஒண்ணு போட்டா. கொட்டாங்குச்சி ஒடையற மாதிரி உள்ள ஒடஞ்சுது. நான் தடுக்கலை சார். கையக்கூடத் தூக்கலை. அப்பன் அடிச்ச மாதிரியே இருந்துது. அதே வாகு, அதே வேகம். அத்தன வலியிலயும் எனக்குப் பெருமைதான் வந்துது. எங்க ரத்தமல்ல?

"புள்ளை தலை மேல இருக்கற அந்தச் சத்தியத்த நான் காது குத்தறன்னிக்குக் கோயில்ல எறக்கி வெக்கறேன். அன்னிக்கு நீ அங்க இருக்கக் கூடாது. என்ற புள்ளை உன்ற மடியில உக்காராது"ன்னா. அண்ணான்னு சொல்லலை. அன்னியில இருந்து இன்னி வரைக்கும் அண்ணாங்கற வார்த்தை அவ வாயில இருந்து வரலீங்க. சாப்பிட உக்காந்தா எறங்க மாட்டேங்குது. வண்டிக்கு அடியில படுத்திருக்கறப்ப யாராச்சும் அண்ணான்னு கூப்பிட்டா, தலையில இடிச்சுக்கிட்டு எந்திரிக்கறேன். பாத்தாப் பக்கத்துக் கடையில சீட்டு தைக்கறவனா இருப்பான்.

இப்ப யாரு மடியில வெக்கறாங்க தெரியுங்களா? எங்க பெரியப்பன் மகன் ரங்கசாமி மடியிலயாம். அவன் கோழியக்கூடக் கெட்டியாப் புடிக்க மாட்டான்.

அந்த வீல் ஸ்பேனருதான் சார் தட்டுக்கு அடியில இருக்குது. பயப்படாதீங்க. யாரையும் அடிக்க எடுத்துட்டுப் போகலை. போனதும் கலைமணி கையில அதக் குடுக்கப் போறேன். இன்னொரு முட்டி இருக்குது, அடிச்சுக்க சாமி, ஆனாப் புள்ளையக் கொண்டாந்து என்ற மடியில வெய்யின்னு சொல்லப் போறேன். இத விட ஒரு அண்ணன் எறங்கி வர முடியுங்களா?

அவ வாங்கலைன்னாவா?

அது அப்பப் பாத்துக்கலாம். நீங்க ஏன் சார் அதையெல்லாம் கேக்கறீங்க?

அடியில பிளக்க மாட்டியாச்சு. புனலு உங்க பக்கத்துல இருக்குது, குடுங்க. என்னது? புஸ்தகத்துல போட்டதத்தான் ஊத்தோணுமா? சார், இத்தன நேரம் யாருக்குக் கதை சொன்னேன்? உக்காருங்க. உக்காருங்கங்கறேன்ல. சாவி என்ற மடியில இருக்குது, நீங்க எங்க போவீங்க? என்கிட்ட இருக்கறது ஒரே ஆயிலு. இப்பப் பாருங்க எப்படி எறங்குதுன்னு. சத்தமே இல்லாம, நூல் அறுந்து போகாம. இதுக்குப் பேருதான் பதம்.

இது எறங்கி முடியறதுக்குள்ள உங்க போனக் குடுங்க. என்ற நம்பரக் கலைமணி பிளாக் பண்ணி வெச்சிருக்கறா. நான் போட்டுக் குடுக்கறேன், நீங்க பேசுங்க. கோயில்ல எந்த நேரத்துக்குக் குத்தறாங்கன்னு மட்டும் கேளுங்க. சொந்தக்காரன், ஒறம்பரைன்னு சொல்லுங்க. நான் இருக்கறதச் சொல்லிப்போடாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுச் சத்தமா வெய்யுங்க, நானும் கேக்கோணும்.

அடிக்குது. எடுத்துட்டா. கலைமணிதான். அவ கொரலுதான். பேசுங்க சார், பேசுங்க, வெச்சுறப் போறா.

மேளம் கேக்குது.

அய்யோ. அது புள்ளைங்க. மகிழினி. வீறிடறா பாருங்க.

வெச்சுட்டா.

குத்திப்போட்டாங்க சார். அந்த ரங்கசாமி மடியில. எப்படி அழுவறா கேட்டீங்கல்ல? அவன் லேசாப் புடிச்சிருப்பான், புள்ளை துள்ளியிருக்கும், ஊசி கோணலா எறங்கியிருக்கும். என்ற மடியா இருந்தா அழுதிருக்கவே மாட்டா.

அட இருங்க. இருங்க சார். ஒரு காது குத்துன ஒடனே அடுத்ததக் குத்த மாட்டாங்க. வாயில சக்கரையப் போட்டு, தோள்ல போட்டு ஆத்தி, அழுகைய அமத்திட்டுத்தான் ஆசாரி மறுபக்கம் வருவாரு. பாலத்தத் தாண்டுனாக் கோயிலு.

மூடியாச்சு. இந்தாங்க சாவி. எந்திரிங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. தட்டு என்ற மடியில இருக்கட்டும்.

டிக்கு டிக்குங்குதா? அது ஒண்ணுமில்ல, பழகிக்கும். நீங்க மிதிங்க சார். இன்னொரு காது இருக்குது.